ஆயுதமில்லாமல் போகும் ராணுவ அதிகாரி: ஐ.நா. பார்வையாளர் பணிக்கான பயிற்சி

கேள்வி இது: சென்னையில் கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன், என்.சி.சி. ‘சி’ சான்றிதழ் இருக்கிறது, ஐ.நா. அமைதிகாப்புப் பணியில் ராணுவப் பார்வையாளராகப் போக விருப்பம். நேரடியாக விண்ணப்பிக்கலாமா? பயிற்சி எங்கே, எப்படி இருக்கும்?

நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ராணுவப் பார்வையாளர் என்பவர் ஏதாவது ஒரு நாட்டின் படையில் பணியில் இருக்கும் அதிகாரி. அவருடைய அரசுதான் அவரை ஐ.நா.வுக்குப் பரிந்துரைத்து அனுப்புகிறது. பெரும்பாலும் ஓராண்டுப் பணி, முடிந்ததும் சொந்தப் படைக்குத் திரும்பிவிடுவார். கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல் நிலையில் இருப்பவர்களை அனுப்புவதே வழக்கம். 25 வயது நிரம்பாதவரைப் பார்வையாளராக அனுப்பக் கூடாது என்பது 1998இல் ஐ.நா. வகுத்த விதி. ஆகவே உங்கள் பாதைக்கு இரண்டு கட்டங்கள்: முதலில் நல்ல ராணுவ அதிகாரி ஆக வேண்டும், அதன் பிறகு பார்வையாளர் ஆக வேண்டும். முதல் கட்டத்தில் பழகிய பல இயல்புகளை இரண்டாம் கட்டத்தில் அடக்கிவைக்கப் பழக வேண்டியிருக்கும். அதுதான் இந்தப் பயிற்சியின் கடினமான பகுதி.

முதல் கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கான வாசல் உங்கள் ஊரிலேயே, பறங்கிமலையில் இருக்கிறது. அங்குள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி 1963இல் தொடங்கியது. பட்டதாரிகள் அங்கே போக யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வு எழுதலாம். இந்த அகாடமியை மட்டும் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஆங்கிலம், பொது அறிவு என இரண்டே தாள்கள். தலா 100 மதிப்பெண், தலா 2 மணி நேரம். கணிதத் தாள் கிடையாது. உங்கள் ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும் பட்டப்படிப்பில் 50 சதவீதமும் இருந்தால் என்.சி.சி. சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வே இல்லாமல் எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்முகத்துக்குப் போகலாம். அது ஐந்து நாள் தேர்வு. தென்னிந்தியாவுக்கான தேர்வு மையம் பெங்களூரில் இருக்கிறது. தேர்வானால் பறங்கிமலையில் 49 வாரப் பயிற்சி. முடிக்கும்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு மேலாண்மை முதுநிலைப் பட்டயமும் கிடைக்கும். குறுகியகாலப் பணி 10 ஆண்டு. விரும்பினால் இன்னும் 4 ஆண்டு நீட்டிக்கலாம். லெப்டினன்டாகச் சேர்ந்து 2 ஆண்டில் கேப்டன், 6 ஆண்டில் மேஜர். எனவே பார்வையாளர் பணிக்கு உங்கள் பெயர் பரிசீலனைக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கும் இதே வழிதான். 1992 முதல் இந்த அகாடமி பெண் அதிகாரிகளையும் உருவாக்குகிறது. இங்கே பயிற்சி பெற்று 2011இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்த மேஜர் சுமன் கவானி, தெற்கு சூடானில் ராணுவப் பார்வையாளராகப் பணியாற்றினார். 2019ஆம் ஆண்டுக்கான ஐ.நா. ராணுவப் பாலினச் செயற்பாட்டாளர் விருதை பிரேசில் அதிகாரி ஒருவருடன் பகிர்ந்துகொண்டார். 2028க்குள் பார்வையாளர்களிலும் தலைமையக அதிகாரிகளிலும் நால்வரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது ஐ.நா. வைத்திருக்கும் இலக்கு. ஆண் பார்வையாளரிடம் பேசத் தயங்கும் கிராமத்துப் பெண்கள், பெண் அதிகாரி ஒருவர் வந்தால் தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் நடப்பதையெல்லாம் சொல்வார்கள். அந்தத் தகவல் வேறு எந்த வழியிலும் கிடைக்காது.

படையில் சேர்ந்த பிறகு, ஐ.நா. பணிக்கான பெயர்களை ராணுவத் தலைமையகம் தேர்ந்தெடுக்கும். நல்ல ஆண்டறிக்கைகள், முழு உடல்தகுதி, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லாத பதிவு ஆகியவை அடிப்படை. மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு எதிலும் தொடர்பில்லாதவர் என்று அனுப்பும் நாடு உறுதியளிக்க வேண்டும். ஓட்டுநர் உரிமமும், ஓட்டிப் பழகிய அனுபவமும் கட்டாயம். இதைச் சிறு விஷயம் என்று நினைப்பவர்கள் பலர். பிறகு சொல்கிறேன்.

இப்போது இரண்டாம் கட்டம். பார்வையாளரின் வேலை எது என்பது தெளிவானால் பயிற்சி ஏன் இப்படி அமைந்திருக்கிறது என்பதும் புரியும். 1948இல் பாலஸ்தீனத்தில் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க ஐ.நா. அனுப்பிய அதிகாரிகளே முதல் ராணுவப் பார்வையாளர்கள். ஜெருசலேமைத் தலைமையகமாகக் கொண்ட அந்தப் பணி இன்றும் தொடர்கிறது. அன்று முதல் இன்றுவரை பார்வையாளர் ஆயுதம் ஏந்துவதில்லை. வெள்ளை வண்டி, நீலத் தொப்பி, பைனாகுலர், வானொலிக் கருவி, நோட்டுப் புத்தகம், இவ்வளவுதான். அவர் தருவது ஒரே ஒரு பொருள்: இரு தரப்பும் நம்பக்கூடிய அறிக்கை. அந்த அறிக்கையை நியூயார்க்கில் பாதுகாப்புச் சபை வரை படிப்பார்கள். அதில் ஒரு எண் தவறினால் அடுத்த நாள் ஒரு தரப்பு உங்கள் ரோந்துக்கு வழிவிடாது.

சம்பந்தப்பட்ட தரப்புகளின் ஒப்புதல், பாரபட்சமின்மை, தற்காப்புக்கும் பணிக்கட்டளையை (ஐ.நா. ஒப்படைத்த வேலையை) காப்பதற்கும் தவிரப் பலம் பயன்படுத்தாமை என்ற மூன்று கொள்கைகளை முதல் நாளிலேயே சொல்லித்தருவார்கள். அவற்றில் ஒப்புதல் என்றால் என்னவென்று தமிழ் வாசகருக்கு விளக்க இலங்கையை எடுத்துக்கொள்ளலாம். 2002 பிப்ரவரி போர்நிறுத்த ஒப்பந்தத்தைக் கண்காணித்த குழுவில் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டவர் இருந்தார்கள். அது ஐ.நா. பணி அல்ல, ஆனாலும் பாடம் அதேதான். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. உடனே ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளான ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் கோரினர். செப்டம்பருக்குள் அவர்கள் போனார்கள். எஞ்சிய இரண்டு சிறு நாட்டவரால் அத்தனை பெரிய நிலப்பரப்பைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. கண்காணிப்பாளர்கள் தனிப்பட்ட முறையில் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர்கள் கடவுச்சீட்டின் நிறமே போதுமானதாக இருந்தது. தரப்புகளின் சம்மதம்தான் பார்வையாளர் நிற்கும் தரை.

பாரபட்சமின்மை பற்றி ஒரு சொல். இரு தரப்பையும் திருப்திப்படுத்தும்படி மழுப்பி எழுதுவது பாரபட்சமின்மை ஆகாது. ஒரே அளவுகோலை இருவருக்கும் வைத்து, மீறியவர் மீறினார் என்று எழுத வேண்டும். வடக்குப் பக்கத்தின் மீறல் மூன்று, தெற்குப் பக்கத்தின் மீறல் பூஜ்யம் என்றால் அப்படியே போக வேண்டும். சமன்செய்வதற்காக ஒன்றைத் தேடிச் சேர்க்கும் பழக்கம் புதியவர்களிடம் வரும், பயிற்சியில் அதைக் கண்டிப்பாகத் திருத்துவார்கள்.

இந்திய அதிகாரிகளுக்கான பயிற்சி இடம் புது டெல்லியில் உள்ள ஐ.நா. அமைதிகாப்பு மையம், 2000இல் தொடங்கியது. அங்கே ராணுவப் பார்வையாளர்களுக்கென்று தனிப் படிப்பு நடக்கிறது, வெளிநாட்டு அதிகாரிகளும் வந்து சேருவார்கள். வங்கதேசத்தின் ராஜேந்திரபூர், நேபாளத்தின் பாஞ்ச்கால், பின்லாந்து, அயர்லாந்து, கென்யா போன்ற இடங்களிலும் இதே போன்ற படிப்புகள் உண்டு. பாடத்தின் எலும்புக்கூடு எங்கும் ஒன்றுதான். ஐ.நா.வே தயாரித்த அடிப்படைப் பயிற்சித் தொகுப்பு மூன்று பகுதி கொண்டது: அமைதிகாப்பு என்றால் என்ன, பணிக்கட்டளையில் வரும் பணிகள், தனிநபரின் நடத்தையும் பாதுகாப்பும். அதன்மேல் பார்வையாளருக்கென்று தனித் தொகுப்பு. வகுப்பறைப் பகுதி சீக்கிரம் முடிந்துவிடும். கடைசியில் வரும் களப் பயிற்சியில்தான் ஒருவருடைய தரம் தெரியும்: குடிபோதையில் துப்பாக்கியோடு நிற்கும் சோதனைச் சாவடி, பாதி உண்மை சொல்லும் ஊர்த் தலைவர், நடுவழியில் காயமடைந்த சக அதிகாரி என்று நடிகர்களை வைத்து அடுத்தடுத்து சோதிப்பார்கள்.

வரைபட வாசிப்பிலிருந்து தொடங்குவோம். 1:50,000 வரைபடத்தில் 2 செ.மீ. என்பது 1 கி.மீ.; எனவே 100 மீட்டர் வெறும் 2 மி.மீ. வரைபடக் கட்டங்களை வைத்து இடம் சொல்லும் கட்டக் குறியீட்டில் நான்கு இலக்கம் கொடுத்தால் 1 கி.மீ. சதுரம், ஆறு கொடுத்தால் 100 மீட்டர், எட்டு கொடுத்தால் 10 மீட்டர். முதலில் கிழக்கு எண், பிறகு வடக்கு எண். பதற்றத்தில் பலரும் இதை மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். மாற்றிச் சொன்னால் மீட்பு ஹெலிகாப்டர் வேறு ஊருக்குப் போகும். ஜி.பி.எஸ். இருக்கிறதே என்று கேட்கலாம். கருவியில் உள்ள புவி அளவுத்தளமும் (இடங்களை அளக்க எடுத்துக்கொள்ளும் அடிப்படை, datum) வரைபடத்தின் அளவுத்தளமும் ஒன்றா என்று பார்க்காவிட்டால் ஜி.பி.எஸ். உங்களைத் தன்னம்பிக்கையோடு தவறான இடத்தில் நிறுத்தும். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் அளவுத்தளத்தில் இருந்தவை, இப்போதைய பொது வரைபடங்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84. இரண்டையும் கலந்தால் சென்னையில் இடம் 100 மீட்டருக்கும் மேலே தள்ளிப்போகும். உலக வரைபடக் கட்ட முறையில் சென்னை 44P மண்டலத்தில் வருகிறது. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இங்கே வித்தியாசம் மிகக் குறைவு என்பதால் திருத்தம் செய்யாமலேயே பழகிவிடுவோம். வேறு நாட்டில் அந்தப் பழக்கம் காலை வாரிவிடும். வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துத் திருத்தியே தீர வேண்டும்.

அடுத்தது தூரம் கணிப்பது. பைனாகுலருக்குள் தெரியும் கோடுகள் மில் என்ற கோண அலகில் இருக்கும், முழு வட்டத்துக்கு 6,400 மில். 1 கி.மீ. தூரத்தில் 1 மில் என்பது 1 மீட்டர் அகலம். டி-72 பீரங்கி வண்டி சுமார் 3.6 மீட்டர் அகலம். நேர் எதிரே நிற்கும்போது 3 மில் தெரிந்தால் தூரம் 1.2 கி.மீ. பீரங்கியின் ஒளி தெரிந்து ஓசை கேட்கும் இடைவெளியை எண்ணினால், ஏறத்தாழ 3 விநாடிக்கு 1 கி.மீ. அது எந்தத் திசை என்று உடனே காம்பஸ் வைத்துப் பார்த்து எழுதினால், இன்னொரு கண்காணிப்பு நிலையத்தின் கோணத்தோடு சேர்த்து வரைபடத்தில் வெட்டுப்புள்ளி கண்டுபிடிக்கலாம். இதற்கெல்லாம் விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், பழக்கம் இருந்தால் போதும்.

வண்டிகளையும் ஆயுதங்களையும் அடையாளம் காண்பதில் பெயர் மனப்பாடம் உதவாது. எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிய வேண்டும். ரஷ்யத் தயாரிப்பு பீரங்கி வண்டிகளில் சக்கரம் எண்ணுங்கள். டி-55க்கு ஐந்து சக்கரம், முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பெரிய இடைவெளி. டி-62க்கும் ஐந்துதான், ஆனால் இடைவெளி பின்பக்கச் சக்கரங்களுக்கு நடுவே. டி-72க்கு ஆறு, மேலே பட்டையைத் தாங்கும் மூன்று சிறு உருளைகளும் உண்டு. புழுதியில் கோபுரம் மறைந்துபோனாலும் இது தெரியும். சக்கரம் தெரியவில்லையா, ‘பட்டை வண்டி, வகை தெரியவில்லை’ என்று எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதும் அதிகாரியைத் தலைமையகம் நம்பும்.

இங்கிருந்து அறிக்கைக்கு வருவோம், இந்தத் தொழிலின் உயிர் அங்கேதான். ஒவ்வொரு வரியும் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும்: கண்டது, கேட்டது, கணித்தது. ‘மாலை 4 மணிக்கு ஆயுதம் தாங்கிய 12 பேர் பாலத்தைக் கடந்தனர்’ என்பது கண்டது. ‘ஐம்பது பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார்’ என்பது கேட்டது. ‘நாளை சந்தைக்குள் நுழையத் தயாராகிறார்கள் எனத் தோன்றுகிறது’ என்பது கணித்தது. மூன்றும் அறிக்கையில் இருக்கலாம், ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. பயிற்சியில் அதிகம் மதிப்பெண் போவது இங்கேதான். பன்னிரண்டு பேரைப் பார்த்துவிட்டு ‘ஒரு படைப்பிரிவு’ என்று எழுதுவார்கள். சீருடையைப் பார்த்துவிட்டு ‘அரசுப் படை’ என்று எழுதுவார்கள். சீருடை சந்தையில் கிடைக்கும் நாடுகளில் அது வெறும் ஊகம். ‘பலத்த துப்பாக்கிச் சூடு’ என்பார்கள். பலத்த என்றால் எத்தனை? ‘20 நிமிடத்தில் சுமார் 40 ஒற்றைச் சூடு, 3 வெடிப்பு’ என்றால் படிப்பவருக்குப் பயன்.

நேரம் எழுதும் முறையும் அப்படியே. தேதி, மணி, நிமிடம், நேர மண்டல எழுத்து என்ற வரிசை மாறக் கூடாது. தெற்கு சூடான் 2021 பிப்ரவரி முதல் கிரீன்விச் நேரத்துக்கு 2 மணி முன்னால் இருக்கிறது, அதன் எழுத்து B, வானொலியில் பிராவோ. இந்திய நேரம் அதைவிட மூன்றரை மணி முன்னால். வீட்டோடு பேச வசதி என்று கைக்கடிகாரத்தை இந்திய நேரத்தில் வைத்திருப்பவர் நள்ளிரவில் நடந்த சம்பவத்தின் தேதியையே தவறாக எழுதிவிடுவார். மண்டலம் மாறிய அன்றே கடிகாரத்தை மாற்றுங்கள்.

நாளறிக்கை, ரோந்து அறிக்கை, சம்பவ அறிக்கை என்று வகைகள் உண்டு. சம்பவ அறிக்கைக்கு முழுமையைவிட வேகம் முக்கியம்: எங்கே, எப்போது, என்ன, யார், உங்கள் குழுவின் நிலை, அடுத்து என்ன செய்கிறீர்கள் என்பதை வானொலியில் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு, விவரத்தைப் பின்னர் எழுத்தில் அனுப்புவது. வானொலியில் பேசுவதற்கு முன் வாக்கியத்தை மனதில் முடித்துவிட வேண்டும், பொத்தானை அழுத்தி ஒரு கணம் கழித்தே பேச வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்பட்டுப் போகும். எழுத்துகளுக்கு ஆல்ஃபா, பிராவோ, சார்லி. எண்களை ஒவ்வொன்றாக. ஐந்தை ஃபைஃப், ஒன்பதை நைனர் என்று சொல்வதற்குக் காரணம் இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்பதுதான். தமிழ் பேசும் நமக்கு ஆங்கிலத்தின் p-b, t-d ஒலிகள் இயல்பாகக் கலந்துவிடும். எட்டு நாட்டவர் எட்டு உச்சரிப்பில் பேசும் அலைவரிசையில் அது ஆபத்து. வீட்டில் பதிவு செய்து கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

குண்டு விழுந்த குழியை ஆராய்வது தனிக் கலை. எறிந்தது தாங்கள் அல்ல என்று இரு தரப்பும் மறுக்கும்போது, குழி ஓரளவு உண்மை சொல்லும். வெடிக்காத குண்டு அருகில் இல்லை என்று வெடிபொருள் வல்லுநர் உறுதி சொன்ன பிறகே கிட்டே போக வேண்டும். எந்தத் துண்டையும் தொடக் கூடாது. முதலில் அளவுகோலும் வடக்கைக் காட்டும் அம்புக்குறியும் வைத்துப் படம் எடுக்கவும். தாழ்கோணத்தில் வந்த பீரங்கிக் குண்டு என்றால் இரு பக்கமும் சிதறல் சிறகுபோல விரிந்திருக்கும், ஃபியூஸ் (குண்டை வெடிக்கவைக்கும் பாகம்) முன்னோக்கிப் பாய்ந்து ஒரு சிறு பள்ளம் கீறியிருக்கும். அந்தப் பள்ளத்தில் ஒரு குச்சி, குழியின் நடுவில் ஒரு குச்சி. பள்ளத்திலிருந்து நடுவை நோக்கிப் போகும் கோட்டை நீட்டினால் சுட்ட இடத்தின் திசை. காம்பஸை உலோகச் சிதறல்களிலிருந்து தள்ளி, இரண்டு குச்சிகளும் ஒரே கோட்டில் தெரியும்படி வைத்துக் கோணம் எடுக்க வேண்டும். மோர்ட்டார் (குண்டை உயரே எறியும் குறுங்குழல் ஆயுதம்) குண்டு ஏறக்குறைய செங்குத்தாக விழுவதால் அடையாளம் வேறு: உள்ளே விழுந்த தளர் மண்ணை மெதுவாக எடுத்தால் கருகிய உள்குழி தெரியும், சுட்ட பக்கத்து விளிம்பில் புல் சீவப்பட்டுச் சிதறல் கீறல்கள் இருக்கும், எதிர்ப்பக்க விளிம்பில் மண் உட்புறமாகக் குடைந்திருக்கும். சுட்ட பக்கத்துக் கீறல்களின் நுனிகள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் முடியும். அந்தக் கோட்டுக்குச் செங்குத்தான திசையில்தான் குண்டு வந்தது. மழையும் மனிதக் கால்களும் மணிக்கணக்கில் இதை அழித்துவிடும். ஒரே குழியை நம்பாமல், கிடைத்தால் மூன்றையாவது அளந்து சராசரி பார்க்க வேண்டும்.

இதில் கிடைப்பது ஒரு திசை மட்டுமே. தூரமும் சுட்டவர் பெயரும் குழியில் எழுதியிருக்காது. 1994 பிப்ரவரி 5 அன்று சரயேவோவின் மார்க்கலே சந்தையில் 120 மி.மீ. மோர்ட்டார் குண்டு ஒன்று 68 பேரைக் கொன்றது. முதலில் செய்த குழி ஆய்வில் கணக்குப் பிழை நேர்ந்தது. பிறகு நடந்த ஐ.நா. விசாரணையும் எந்தத் தரப்பு சுட்டது என்று முடிவாகச் சொல்ல முடியாமல் நின்றது. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 2003இல்தான், செர்பியர் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியிலிருந்து அது வந்தது என்று தீர்ப்பளித்தது. ஒரு சிறு கணக்குத் தவறு எத்தனை ஆண்டுகால வாதத்துக்கு இடம் கொடுக்கும் என்பதை எண்ணிப் பார்த்துத்தான் குழிக்குள் இறங்க வேண்டும்.

வண்டி ஓட்டுவதற்கு வருகிறேன். பணிக்களம் சேர்ந்ததும் ஐ.நா. ஒரு ஓட்டுநர் தேர்வு வைக்கும். தேறாதவரால் ரோந்து போக முடியாது. திரும்பத் திரும்பத் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்; அனுப்பிய நாட்டுக்கே அது தலைகுனிவு. சென்னையில் பழகியவருக்கு மூன்று இடத்தில் சிக்கல் வரும். தெற்கு சூடான், காங்கோ, மேற்கு சஹாரா, லெபனான் எல்லாம் சாலையின் வலப்பக்கம் போகும் நாடுகள்; ஸ்டியரிங் இடப்பக்கம், கியரை வலக்கையால் மாற்ற வேண்டும். வண்டி, கையால் கியர் மாற்றும் பெரிய நான்கு சக்கர இயக்க வண்டி. ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டரும் சிறு காரும் ஓட்டிய பழக்கம் உதவாது. வேகத்தையும் ஓட்டும் முறையையும் கண்காணிக்கும் கருவி ஒவ்வொரு வண்டியிலும் இருக்கும், யார் ஓட்டினார் என்பதும் பதிவாகும். பின்னோக்கி எடுக்கும்போது ஒருவர் இறங்கி வழிகாட்டாமல் எடுக்கவே கூடாது. தெற்கு சூடானின் பெரும்பகுதி கரிசல் மண். மழை விழுந்தால் சக்கரப் பள்ளங்கள் களியாகி வண்டி அடிவயிற்றில் உட்கார்ந்துவிடும். சேற்றில் இறங்குவதற்கு முன்பே தாழ்கியருக்கு மாற்ற வேண்டும். சிக்கிய பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்னும் ஆழமாகப் புதையும். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை இல்லாமல் புறப்படாதீர்கள்; மெத்தென்ற மண்ணில் ஜாக்கி வண்டியைத் தூக்காது, தானே இறங்கும். டீசல் பாதிக்குக் கீழே போகவிடக் கூடாது.

கண்ணிவெடிப் பகுதி என்று சந்தேகம் வந்த நொடியில் நிற்க வேண்டும், மற்றவர்களை எச்சரிக்க வேண்டும், சுற்றிலும் கம்பி, வெடிப்பொருள், குறியீடு எது தெரிகிறது என்று நின்ற இடத்திலிருந்தே பார்க்க வேண்டும், பாதுகாப்பான வழி திட்டவட்டமாகத் தெரியாவிட்டால் அங்கேயே நின்று உதவி கேட்க வேண்டும். காயம்பட்ட நண்பரை நோக்கி ஓடுவதுதான் மனித இயல்பு. அந்த ஓட்டத்தில் இரண்டாவது ஆள் விழுவதைத் தடுக்கத்தான் இதைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறார்கள். முதலுதவியில் ஐ.நா. வைத்திருக்கும் நேரக்கணக்கு: 10 நிமிடத்துக்குள் ரத்தப்போக்கை நிறுத்தி மூச்சுப்பாதையைக் காக்க வேண்டும், 1 மணி நேரத்துக்குள் மேம்பட்ட சிகிச்சை, 2 மணி நேரத்துக்குள் உயிர்காக்கும் அறுவை. முதல் 10 நிமிடம் உங்கள் கையில் மட்டுமே இருக்கிறது. ரத்தக்கட்டுப் பட்டை கட்டிய நேரத்தை எழுதிவைக்க மறக்கக் கூடாது, கட்டிய பிறகு இடையில் தளர்த்திப் பார்க்கவும் கூடாது.

சோதனைச் சாவடியில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, வேகத்தைக் குறைத்து, கைகள் தெரியும்படி வைத்து, இரவானால் உள்விளக்கைப் போட்டு நிற்க வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் பையனுக்கு உங்களைவிட அதிகம் பயம் இருக்கலாம். பேசுவது குழுவில் ஒருவர் மட்டும். கைப்பேசியைத் தூக்காதீர்கள், படம் எடுக்கிறீர்கள் என்று நினைப்பார்கள். வண்டியைக் கேட்டு மிரட்டினால் வண்டி போகட்டும்.

பேச்சுவார்த்தையில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு வாக்குக் கொடுப்பது. ‘பார்க்கிறேன்’ என்பதைக்கூடச் சில இடங்களில் ‘செய்கிறேன்’ என்றே எடுத்துக்கொள்வார்கள். மருத்துவ உதவி, உணவு, எதிர்த்தரப்பின் கைதியை விடுவிப்பது, எதுவானாலும் ‘இதை எங்கள் தலைமையிடம் தெரிவிக்கிறேன்’ என்பதோடு நிற்க வேண்டும். சொன்னபடி தெரிவிக்கவும் வேண்டும். மொழிபெயர்ப்பாளரோடு போகும்போது பேச்சைச் சிறு சிறு வாக்கியமாக வெட்டிக்கொள்ளுங்கள், பார்வை எதிரே இருப்பவரின் முகத்தில் இருக்கட்டும். அந்த மொழிபெயர்ப்பாளர் உள்ளூர்க்காரர். உங்கள் பணி முடிந்து நீங்கள் கிளம்பிய பிறகும் அவர் குடும்பம் அங்கேதான் வாழும். கடுமையான கேள்வியை அவர் சொந்தக் கேள்விபோலத் தோன்றவிடாதீர்கள். அவர் எந்த இனக்குழு என்று பார்க்காமல் எந்தக் கிராமத்துக்கும் அழைத்துப் போகாதீர்கள். இதைப் பயிற்சிகளில் இன்னும் அதிக நேரம் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நடத்தை விதிகளில் விட்டுக்கொடுப்பே இல்லை. பணிக்களத்து மக்களோடு பணம், உணவு, வேலை எதற்கும் ஈடாக உடலுறவு கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவரோடு எந்த நிலையிலும் கூடாது. அங்குள்ள சட்டப்படி சம்மத வயது அதைவிடக் குறைவாக இருந்தாலும், வயது தெரியாது என்று சொன்னாலும் ஏற்க மாட்டார்கள். பரிசுப் பொருள் வாங்கக் கூடாது, களத்துப் படங்களைச் சமூக ஊடகத்தில் போடக் கூடாது.

ஆபத்தை மறைத்துச் சொல்வது உங்களுக்குச் செய்யும் துரோகம். 1988இல் லெபனானில் கடத்தப்பட்ட அமெரிக்க அதிகாரி லெப்டினன்ட் கர்னல் ஹிக்கின்ஸ் கொல்லப்பட்டார். 1995 மே மாதம் பாஸ்னியாவில் நேட்டோ குண்டுவீச்சுக்குப் பின் பார்வையாளர்களைப் பிடித்து, இலக்காகக்கூடிய இடங்களில் மனிதக் கேடயமாகக் கட்டிவைத்தார்கள். 2006 ஜூலை 25 அன்று தெற்கு லெபனானின் கியாம் நிலையத்தில் இஸ்ரேலிய விமானக் குண்டுக்கு ஆஸ்திரியா, கனடா, சீனா, பின்லாந்து நாட்டுப் பார்வையாளர்கள் நால்வர் இறந்தார்கள். எனவேதான் பிடிபட்டால் எப்படி நடந்துகொள்வது என்பதும் பாடத்தில் இருக்கிறது: முதல் சில நிமிடங்களில் எதிர்க்காமல், திடீர் அசைவு இல்லாமல், சொன்னதைச் செய்து, உயிரோடு இருப்பது, பிறகு உடலையும் மனதையும் ஒழுங்கில் வைத்திருப்பது.

இப்போதே சென்னையில் என்ன செய்யலாம்? கையால் கியர் மாற்றும் காருக்கு இலகுரக வாகன உரிமம் எடுத்து, தொடர்ந்து ஓட்டுங்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தை இறக்கி, திருவான்மியூர்க் கடற்கரையிலோ வண்டலூர்ப் பக்கமோ காம்பஸோடு நடந்து ஆறு இலக்கக் குறியீடு எழுதிப் பழகுங்கள்; பறங்கிமலை, பல்லாவரம் போன்ற ராணுவப் பகுதிகளில் இதைச் செய்யாதீர்கள். நுங்கம்பாக்கம் அலியான்ஸ் ஃபிரான்சேஸில் பிரெஞ்சு படியுங்கள். காங்கோ போன்ற களங்களில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் முகாமிலேயே முடங்கிவிடுவார். ஐ.நா. அமைதிகாப்புப் பயிற்சித் தொகுப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தி. நகரில் ஒரு மாலை நேரத் தெருமுனையில் பத்து நிமிடம் நின்று பார்த்ததை, கண்டது, கேட்டது, கணித்தது என மூன்று நிரலில் எழுதி நண்பரிடம் கொடுங்கள். நிரல் மாறி விழுந்த வரிகளை அவர் கண்டுபிடிப்பார்.

எஸ்.எஸ்.பி.யில் தேர்வாகாவிட்டால் இந்தத் துறையே மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுக் காவல்துறை உள்ளிட்ட இந்தியக் காவல் அதிகாரிகள் ஐ.நா. காவல் பிரிவில் போகிறார்கள்; 2007இல் முழுக்கப் பெண்களால் ஆன இந்தியக் காவல் பிரிவு லைபீரியாவுக்குப் போனது. குடிமக்களுக்கு ஐ.நா. தன்னார்வலர் திட்டம் இருக்கிறது. அரசியல் விவகாரம், மனித உரிமை, தளவாடம், தகவல் தொழில்நுட்பம் என்று களப் பணிகளில் இடங்கள் வருகின்றன. ஆயுதமில்லாமல் மக்களைக் காக்கும் அமைப்பான நான்வயலன்ட் பீஸ்ஃபோர்ஸ் தன் முதல் களப்பணியை 2003இல் இலங்கையில்தான் தொடங்கியது. அதுபோன்ற அமைப்புகளும் களப் பணியாளர்களை எடுக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுத் துறையில் முதுநிலை படித்தால் இந்த வேலைகளுக்கு அடித்தளம் கிடைக்கும். எந்த வழியில் போவதானாலும், மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போக அதற்கான தடுப்பூசி போட்டாக வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் செல்லும் என்பதால் பயணத் தேதிக்கு முந்தின வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள்.